ஊசி இல்லாத பதினொரு கிழமை

எனக்கு என்ன வருத்தம் என்பதை இருபத்தொன்பது வருடங்களாக நான் பிழையாகத்தான் அறிந்திருந்தேன். என்னைப் பார்த்த டொக்டர்மாரும் அப்படித்தான். அவர்களில் ஒருவரிலும் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்குத் தெரிந்ததை வைத்து என்னைக் காப்பாற்றினார்கள். ஆனால் சலரோகம், அதாவது நீரிழிவு, இல்லாத தமிழ் வீடு இந்த ரொறன்ரோவில் குறைவு என்பதால், எனக்கு நடந்ததை எழுதி வைக்கிறேன். வாசிக்கிற யாராவது ஒருவர் அடுத்த முறை தன் டொக்டரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்.

மன்னாரில், பதினாறு வயதில் எனக்குச் சீனி வருத்தம் வந்தது. ஒல்லியான பிள்ளை, குடத்துத் தண்ணீர் முழுவதையும் குடித்து முடிக்கிற தாகம், இரத்தத்தில் நிறையச் சீனி. முதலாம் வகை என்று ஆஸ்பத்திரித் துண்டில் எழுதினார்கள். முதலாம் வகை என்றால், நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே சதையிக்குள் இன்சுலின் சுரக்கும் கலங்களை எதிரி என்று நினைத்து அழித்துவிடுவது. கணையம் என்று சொல்வதும் இந்தச் சதையியைத்தான். ஊசியால் இன்சுலின் போடாவிட்டால் அந்த நோயாளி அதிக நாள் தாங்கமாட்டார். இரண்டாம் வகையில் இன்சுலின் இருக்கும், உடம்பு அதற்குச் சரியாகக் கீழ்ப்படியாது. அது குண்டான, வயதுபோன ஆட்களுக்கு வருவது என்றுதான் அப்போது நினைத்தார்கள். நான் இரண்டாவதில் பொருந்தவில்லை. அதனால் முதலாவதில் போட்டார்கள்.

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு நாலு ஊசி. கல்யாணம் முடித்து இருபத்தாறு வயதில் கனடாவுக்கு வந்தபோதும் ஊசிகளோடுதான் இறங்கினேன். மகள் அனிற்றா வயிற்றில் இருந்தபோதும் ஊசி. சீனி கூடுவதைவிடக் குறைவதுதான் எனக்குப் பெரிய பயம். கை நடுங்கும், வேர்க்கும், கதை குழறும். என் கணவர் அன்ரனின் ஒவ்வொரு ஜக்கெற் பொக்கற்றிலும் ஒரு சின்ன ஜூஸ் பெட்டி இருக்கும். ஐந்து வயதில் அனிற்றாவுக்குச் சப்பாத்து நாடா கட்டத் தெரியாது. ஆனால் அம்மா மாறிக் கதைத்தால் ஜூஸில் ஸ்ட்ரோவைக் குத்திக் கொடுக்கத் தெரியும்.

நான் வெக்ஸ்போர்ட்டில் ஒரு பல் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். முதியவர்களுக்கான பல் செட்டுகளை மெழுகில் வடிவமைப்பது என் வேலை. போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவசர ஓடர் ஒன்று வந்ததால் பத்து மணிச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டேன். காலையில் போட்ட ஊசி தன் வேலையைத் தள்ளிப் போடவில்லை. பதினொரு மணிக்கு மெழுகு உருக்கும் சூட்டுத் தட்டின்மேல் இடது கை விழ, மேசை விளிம்பில் தலை அடிபட, நான் நிலத்தில் கிடந்தேன். அம்புலன்ஸில் வந்தவர்கள் பார்த்தபோது சீனி ஒன்று தசம் எட்டு. கனடாக் கணக்கில் நாலுக்கு மேலே இருக்க வேண்டும்.

ஸ்காபரோவில் ஓர் ஆஸ்பத்திரி. நெற்றியில் ஆறு தையல், முழங்கைக்குக் கீழே எரிகாயம். தலை அடிபட்டதால் வீட்டுக்கு விடாமல் மறித்து வைத்தார்கள். நாலாம் மாடியில் ஜன்னலோரக் கட்டில். பக்கத்துக் கட்டிலில் கயானாவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். அவர் எல்லோரிடமும் பெயர் கேட்டு, எழுத்துக் கூட்டச் சொல்லித்தான் விடுவார். அன்ரன் வேலை முடிந்து, ரூஜ் பகுதியிலிருக்கிற எங்கள் வீட்டுக்குப் போய், குரக்கன் புட்டும் மீன் சொதியும் எடுத்துக்கொண்டு திரும்பி வருவார். சொதி மணத்துக்கு ஆசிரியை திரைச்சீலையை விலக்கிவிட்டுப் பார்ப்பார். மூன்றாம் நாளிலிருந்து அன்ரன் இரண்டு பேருக்கும் கொண்டுவந்தார்.

அந்த மூன்றாம் நாள்தான் டொக்டர் ஹோடான் வந்தார். நீரிழிவுப் பிரிவில் பயிற்சியை முடிக்கப்போகிற சோமாலியப் பெண். முப்பது வயது இருக்கலாம். நாங்கள் ஆங்கிலத்தில் கதைத்ததைத் தமிழில் எழுதுகிறேன். வழமையான கேள்விகளையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, பேனையை மூடாமல் இருந்தார்.

"இன்னொன்று. எப்போதாவது இன்சுலின் இல்லாமல் இருந்திருக்கிறீர்களா?"

"மறந்துபோன நாட்களா?"

"இல்லை. கிடைக்காத நாட்கள். என் அம்மாவும் போரிலிருந்து ஓடி வந்தவர். அப்படி வந்த எல்லாரிடமும் நான் இதைக் கேட்பேன். எங்கள் படிவங்களில் இந்தக் கேள்வி இல்லை."

ஏறக்குறைய இருபது வருடமாகக் கனடாவில் வாழ்கிறேன். ஒருவரும் கேட்டதில்லை. பத்தொன்பது வயதில் நாங்கள் இடம்பெயர்ந்து காட்டோரத்தில் இருந்ததை அவருக்குச் சொன்னேன். கையில் இருந்த இன்சுலின் மூன்றாம் கிழமை முடிந்தது. பிறகு பதினொரு கிழமை, கிட்டத்தட்ட மூன்று மாதம், ஒரு துளியும் இல்லை. தாகம், தாகம் என்று கிடந்தேன். உடம்பு வற்றி எலும்பானது. கண் மங்கியது. என் அக்கா ராணி பக்கத்தில் இருந்து தண்ணீர் பருக்கி, செபமாலை சொன்னாள். பாதை திறந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கிருந்த டொக்டர் நம்பாமல் என்னை இரண்டு தரம் பார்த்தார். மாதா காப்பாற்றினார் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் சொன்னோம். நானும் அப்படியே நம்பினேன்.

டொக்டர் ஹோடான் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"பதினொரு நாளா, பதினொரு கிழமையா?"

"கிழமை."

"வாந்தி? பெரிய பெரிய மூச்சு? மயக்கம்?"

"இல்லை. களைப்புத்தான்."

அவர் கதிரையை இழுத்துக் கட்டிலுக்குக் கிட்டப் போட்டார். "நான் உங்களுக்கு ஆசை காட்ட விரும்பவில்லை. ஆனால் முதலாம் வகை உள்ள ஒருவர் அவ்வளவு காலம் ஊசி இல்லாமல் உயிரோடு இருந்தார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. நீங்கள் சொல்வதை நம்புகிறேன். அந்தத் துண்டில் எழுதியிருப்பதைத்தான் நம்பவில்லை."

பிறகு என் குடும்பத்தைப் பற்றிக் கேட்டு, ஒரு தாளில் வட்டமும் சதுரமுமாகக் கீறினார். அப்பா ஒல்லி, சீனி வருத்தக்காரர். அப்பாவின் தம்பி அப்படியே. ராணி அக்காவுக்கு இருபத்தைந்தில் வந்தது, இன்றைக்கும் மன்னாரில் ஊசி போடுகிறாள். கறுப்பாக்கிய வட்டங்களும் சதுரங்களும் மேலிருந்து கீழே ஒரு படிபோல வந்தன. அந்தப் படியின் கடைசியில் நிரப்பாத ஒரு சின்ன வட்டம் இருந்தது. அது அனிற்றா. நான் அதைப் பார்த்ததை அவர் கண்டார். பேனையை மூடி வைத்தார்.

இரண்டு இரத்தச் சோதனை. ஒன்று, என் எதிர்ப்புச் சக்தி சதையியைத் தாக்கிய தடயம் இருக்கிறதா என்று தேடுவது. மற்றது சீ-பெப்ரைட். உடம்பு இன்சுலினைச் செய்யும்போது முதலில் நீளமான ஒரு சங்கிலியாகச் செய்து, நடுவில் ஒரு துண்டை வெட்டி எறியும். வெட்டி எறிந்த அந்தத் துண்டுதான் சீ-பெப்ரைட். மருந்துக்கடை இன்சுலினில் அது இருக்காது. ஆகவே இரத்தத்தில் அது இருந்தால், நமக்குள்ளேயே இன்சுலின் ஊறுகிறது என்று அர்த்தம்.

தாக்கிய தடயம் எதுவும் இல்லை. சீ-பெப்ரைட் தாராளமாக இருந்தது.

அன்ரனிடம் சொன்னபோது அவர் சொதிப் பாத்திரத்தைக் கையில் வைத்தபடியே நின்றார். "அப்ப இவ்வளவு நாளும் நீர் குத்தினது?"

"தெரியேல்லை. வேற என்னவோ வருத்தமாம். பரம்பரையில வாறதாம்."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். முதலில் வந்தது வெட்கம், யாரோ என்னை ஏமாற்றிவிட்டது போல. பிறகு அழுகை. ஆசிரியை திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண் துடைக்க ரிஷுப் பெட்டியை நீட்டினார்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். ஊசியின் அளவைக் குறைத்து, என் இரத்தத்தை டவுன்ரவுனிலுள்ள ஓர் ஆராய்ச்சிக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். நீரிழிவை இரண்டே பெட்டிக்குள் அடைக்க முடியாது என்று இப்போது ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். ஒரே ஒரு மரபணு மாறுவதால் வருகிற வகைகளே பல இருக்கின்றனவாம். தென்னாசிய ஆட்களில் அவற்றை இன்னும் போதுமான அளவு தேடிப் பார்க்கவில்லை என்பதால், எங்களைப் போன்ற குடும்பங்களை அந்தக் கிளினிக் தேடிக்கொண்டிருந்தது.

முடிவு வர ஒன்பது கிழமை எடுத்தது. அந்த நாட்களில் ஒருநாள் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, ராணி அக்காவோடு கதைத்தேன். மரபணு, பரம்பரை என்றெல்லாம் விளக்கினேன்.

"அப்ப நான் உனக்குப் பக்கத்தில இருந்து சொன்ன செபமெல்லாம் சும்மாவோடி?" என்று கேட்டாள்.

பக்கத்தில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த அன்ரன்தான் ஃபோனை வாங்கினார். "மச்சாள், அண்டைக்கு நீங்கள் தண்ணி பருக்காட்டி இவ தாகத்திலயே போயிருப்பா. மரபணு எழும்பி வந்து தண்ணி பருக்குமோ? மாதா உங்களைத்தானே அனுப்பினவ."

அக்கா மூக்கை உறிஞ்சியபடி சிரித்தது ஸ்பீக்கரில் கேட்டது.

கிளினிக்கில் விளக்கினார்கள். எங்கள் குடும்பத்து மரபணு ஒன்றில் ஓரிடத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. சாப்பிட்டதும் சீனி ஏறிவிட்டது என்ற செய்தி இன்சுலின் கலத்துக்குள் போகும், ஆனால் அதை வெளியேற்றும் வேலையாக மாறுகிற வழி மந்தமாகக் கிடக்கிறது. இன்சுலின் உள்ளே இருக்கிறது, நேரத்துக்கு வெளியே வருவதில்லை. இதற்கு ஒரு பழைய மாத்திரை இருக்கிறது. எங்கள் ஊர் மருந்துக்கடையிலும் கிடைக்கிற மாத்திரைதான். மந்தமான அந்த வழியால் போகாமல், கலத்தின் வாசலிலேயே நேராக வேலை செய்து, இன்சுலினை வெளியே விடச் செய்யும். இந்த வகைக்காரருக்கு அது மிகச் சிறிய அளவிலேயே பிடிக்கும். "ஆனால் நீங்கள் மிக நீண்ட காலம் ஊசியில் இருந்தவர். எல்லாருக்கும் முழுதாக வேலை செய்வதில்லை. பாதுகாப்பாக, ஆஸ்பத்திரியில் வைத்து மாற்றிப் பார்ப்போம்" என்றார் டொக்டர் ஹோடான். அவர் அப்போது அந்தக் கிளினிக்கிலும் வாரத்தில் இரண்டு நாள் வேலை செய்தார்.

இப்படித்தான் இரண்டாம் தடவை ஆஸ்பத்திரி நாட்கள். இந்த முறை டவுன்ரவுனில், நான்கு நாள். இன்சுலினை உலகத்துக்குக் கண்டுபிடித்துக் கொடுத்த நகரம் இது. அந்த ஆராய்ச்சி நடந்த இடத்திலிருந்து சில வீதிகள் தள்ளி, நான் இன்சுலினை விடப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே தண்டவாளத்தில் ஸ்ரீற்கார் மணி அடித்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

முதல் நாள் ஊசி இல்லை, மாத்திரையும் இல்லை. மத்தியானம் சீனி பதினொன்று. மூன்று மணிக்குப் பதினாலு. ஐந்து மணிக்குப் பதினேழு தசம் ஆறு. வாய் வறண்டது. எனக்கு அந்தத் தாகத்தை அடையாளம் தெரிந்தது. வாழ்நாள் முழுவதும் அந்த எண்ணைக் கண்டவுடன் என் கை தானாக ஊசிக்குப் போகும்.

அன்ரனின் ஜக்கெற் பொக்கற் வீங்கியிருப்பதைக் கவனித்தேன். "என்ன அது?"

அவர் முகம் போன போக்கிலேயே விளங்கிவிட்டது. வீட்டிலிருந்து என் இன்சுலின் ஊசிப் பேனையை ஐஸ் பொதியோடு சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"தாங்கோ. நான் போடப்போறன்."

"ஜெசி, கொஞ்சம் பொறும்."

"எனக்குத் தெரியும் என்ர உடம்பை. தாங்கோ!"

நாற்பத்தைந்து வயதுப் பெண், கட்டிலில் எழும்பி நின்று கணவனின் பொக்கற்றைப் பறிக்கப் பார்த்தேன். அவர் தரவும் இல்லை, மறைக்கவும் இல்லை. பேனையை எடுத்து எனக்குத் தெரியும்படி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "உது என்ர கையிலதான் இருக்கும். டொக்டரிட்டக் கேப்பம். அவ போடச் சொன்னா நானே போட்டுவிடுறன்."

பேனையை ஏந்தியபடியே போய் நேர்ஸையும் டொக்டரையும் கூட்டி வந்தார். டொக்டர் ஹோடான் என் விரலில் இன்னொரு துளி எடுத்தார். இந்த முறை பார்த்தது கீற்றோனை. இன்சுலினே இல்லாத உடம்பு சீனியைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பை எரிக்கும்போது சேருகிற அமிலம் அது. முதலாம் வகைக்காரரைக் கொல்வது அதுதான். மீற்றர் தசம் ஒன்று என்று காட்டியது. இல்லை என்பதற்குச் சமம்.

"பயப்படுவது சரிதான்," என்றார். "ஆனால் பாருங்கள், உங்கள் சதையி வேலை செய்கிறது. அன்றைக்கும் அதுதான் உங்களைத் தாங்கியது."

எனக்கு அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது. மீற்றரை நேர்ஸிடம் திருப்பிக் கொடுக்கக் கன நேரம் எடுத்தது.

அடுத்த நாள் காலை அரை மாத்திரை. மத்தியானம் பன்னிரண்டு. மூன்றாம் நாள் காலை ஏழு தசம் இரண்டு. அந்த எண்ணைச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஊசி குத்திக்கூட என்னால் ஒழுங்காகப் பிடிக்க முடிந்ததில்லை. பின்னேரம் மூன்று தசம் ஒன்பதுக்கு இறங்கவே, ஓடிவந்து ஜூஸ் தந்து, மாத்திரையைக் கால் துண்டுகளாக வெட்டினார்கள். வைத்தியர்கள் குழுவாக வந்து அந்தத் துண்டைப் பார்த்தார்கள். நகத்தளவு இருந்தது. அன்ரன் அதைத் தன் விரல் நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கே இருபத்தொன்பது வருசம்?" என்றார். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் போனோம். நேர்ஸ் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

எனக்கு எல்லாம் முடிந்துவிடவில்லை. சோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். கண்ணையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். ஒரு நாள் மாத்திரை போதாமலும் வரலாம். ஆனால் நாலு ஊசி இல்லை.

மிச்சமிருந்தது அந்த நிரப்பாத வட்டம். என் பிள்ளைக்கு இந்த மரபணு வந்திருக்கப் பாதிக்குப் பாதி சாத்தியம் என்று சொன்னார்கள். பரிசோதிப்பதா என்பதை அவளும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும் என்றார்கள். அவளுக்கு அப்போது பதினாறு. எனக்கு வருத்தம் வந்த அதே வயது. நான் வேண்டாம் என்றேன். படிப்பு முடியட்டும், இப்போது தெரிந்து என்ன செய்யப்போகிறாள் என்றேன். உண்மையில், நான் கொடுத்தேன் என்று எழுத்தில் வருவதைத் தாங்க எனக்குத் தைரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் அதையே திரும்பச் சொன்னேன். அனிற்றா கரண்டியை வைத்தாள்.

"அம்மா, ஐ ஓல்ரெடி நோ."

"என்ன தெரியும்?"

ஃபோனைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். திகதியும் எண்ணுமாக ஒரு நீளப் பட்டியல். ஒன்பது தசம் நாலு. பத்து. எட்டு தசம் எட்டு. பதினொன்று தசம் இரண்டு, பக்கத்தில் 'பீற்சா' என்று எழுதியிருந்தது. சாப்பிட்டபின்னும் எட்டுக்குள் இருக்க வேண்டிய எண்கள். ஒரு வருடத்துக்கு மேலாகச் சாப்பாட்டுக்குப் பிறகு என் மீற்றரை எடுத்துக்கொண்டுபோய்த் தன் விரலில் குத்திப் பார்த்திருக்கிறாள்.

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"நீங்க அழுவீங்கள் என்று." அவள் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். "எனக்கும் ரைப் வண் என்று நினைச்சன் அம்மா. உங்களை மாதிரி நானும் விழுவன் என்று, ஐ வாஸ் ஸோ ஸ்கேர்ட். தனியா."

அன்ரன் எழும்பிப் போய் அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. என் பிள்ளை ஒரு வருடம் தனியாகச் சுமந்ததைக் கேட்டபின் என் பயம் எனக்கே சின்னதாகத் தெரிந்தது. பரிசோதனைக்குத் திகதி எடுக்க அடுத்த நாள் காலையில் நானே ஃபோன் பண்ணினேன்.

இருந்தது. அதே மரபணு, அதே எழுத்து. அந்தச் சின்ன அறையில் முடிவைக் கேட்டுவிட்டு நான் சொன்னது, "மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை." அவள் என்னைப் பார்த்த பார்வையில் எரிச்சல் இருந்தது. "அம்மா, ஸ்ரொப். இது ரைப் வண் இல்லை. பேர் தெரியும், மருந்து தெரியும். நீங்க இவ்வளவு காலம் ஊசி குத்தினதாலதான் எனக்குத் தெரிய வந்தது." பிறகு டொக்டர் ஹோடானிடம் திரும்பி, பீற்சா சாப்பிடலாமா என்று கேட்டாள். இரண்டு துண்டு, சாப்பிட்டபின் நடை என்று பேரம் முடிந்தது.

ராணி அக்காவுக்கு டொக்டர் ஹோடான் ஒரு கடிதம் எழுதித் தந்தார். சொந்தமாக ஊசியை நிறுத்த வேண்டாம் என்று முதல் வரியிலேயே இருந்தது. அக்கா அதை மன்னாரிலுள்ள தன் டொக்டரிடம் கொண்டுபோனாள். சீ-பெப்ரைட் சோதனைக்கு இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அவளுக்கும் தாராளமாக இருந்தது. அவளை மெதுவாக மாற்றினார்கள். முழுதாக ஊசி நிற்கவில்லை, ஒரு நாளைக்கு ஒன்று மட்டும் இருக்கிறது. "கறண்ட் போனாலும் மருந்துக்கு ஐஸ் தேடி ஓடுற வேலை குறைஞ்சு போச்சுதடி," என்று அவள் சொன்ன விதத்தில், நாலு ஊசிக்கு ஒன்று பெரிய இலாபம்தான் என்று விளங்கியது.

ஆறு மாதம் அனிற்றாவுக்கு மருந்து தேவைப்படவில்லை. சாப்பாடும் நடையும் போதுமாக இருந்தது. போன மாதச் சோதனையில் அளவு கொஞ்சம் கூடியிருந்தது. கால் மாத்திரை தொடங்கலாம் என்றார்கள். மருந்தெடுக்க இரண்டு பேரும் ஷெப்பேர்ட் வீதி மருந்துக்கடைக்குப் போனோம். சனிக்கிழமை, நல்ல சனம். கதிரையில் உட்கார்ந்திருந்தோம். அவள் காதில் ஏதோ பாட்டு.

ஜன்னலுக்குப் பின்னாலிருந்து எங்கள் குடும்பப் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் பழக்கத்தில் எழும்பிவிட்டேன்.

அனிற்றா ஒரு காதிலிருந்ததைக் கழற்றினாள். "அம்மா, இருங்கோ. என்ர பேரைத்தான் கூப்பிட்டவை."

போய், மருந்தாளர் சொன்னதையெல்லாம் நின்று கேட்டாள். இரண்டு கேள்வி கேட்டாள். தன் கையெழுத்தை வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, பசிக்கிறது, போவோமா என்றாள்.